சந்தனம் வைத்த ரிங்கு

மயிலம்
12.3.1962

அன்பு மகன் சுப்பராயலுவுக்கு அம்மா எழுதுவது. மலைமேல் இருக்கிற முருகன் தயவில் இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மருமகள் கிருஷ்ணவேணியும் அப்படியே இருக்க அவனைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இருமல் நின்றதா என்று நீ எழுதவேயில்லை, மிளகைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடு. அது இருக்கட்டும், விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்கிவைக்க முடியவில்லை. நம் கிணற்று ஆயில் இன்ஜின் ஓடுகிறது, சுப்பராயலு. இதை எழுதும்போதும் கழனியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

இந்தத் தடவையும் இன்ஜின் சரியாகாவிட்டால் நிலத்தை வாரக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் பம்பாய்க்கே வந்துவிடுங்கள், பெரிய அறையாகப் பார்த்திருக்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததுமே உன் அப்பா கிளம்பிவிட்டார். அனந்தபுரம் சந்தைக்குப் போய் நம் காளைகளை விற்க விலைகூட விசாரித்துவிட்டு வந்தார். மல்லாட்டை பூ விட்டு நிற்கிறது, மண்ணுக்குள் கடலை பிடிக்கிற நேரம், தண்ணீர் இல்லாமல் செடி சுருள்கிறது, இன்ஜினோ எண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்குகிறதே தவிர தண்ணீரை இழுக்க மாட்டேன் என்கிறது. எனக்கு இந்தக் கழனியை விட்டு வர மனசே இல்லை, சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்து மெக்கானிக் கண்ணையன் வந்து பிரித்துப் பார்த்து, தேய்ந்த சிலிண்டரை விழுப்புரத்து லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கி, அதற்கேற்ற புது ரிங்குகளை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். ரிங்கு வந்து சேரவே பெரும்பாடாகிவிட்டது. வந்ததும் உன் அப்பா சும்மா இருப்பாரா, மலைக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்து, ஒவ்வொரு ரிங்கின் வெளிப்பக்கமும் சுற்றிச் சுற்றிச் சந்தனப் பொட்டு வைத்து எடுத்து வந்தார். பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கிப் பார்க்க வேண்டுமாம். ரிங்கு முழு வட்டம் இல்லை, ஓரிடத்தில் வெட்டியிருக்கும், உள்ளே போனதும் அந்த இரண்டு முனைக்கும் நடுவே இரண்டு தபால் கார்டு கனத்துக்குச் சந்து இருக்க வேண்டும், மெல்லிய தகடு விட்டு அளக்கிறார்கள். சந்தே இல்லாவிட்டால் சூட்டில் ரிங்கு விரிந்து முனைகள் முட்டிச் சிலிண்டரைக் கீறிவிடும், அதிகமாகிவிட்டால் காற்று ஒழுகி இன்ஜின் பழையபடி புகை கக்கும். கண்ணையன் முதல் ரிங்கை இறக்கினார், முனை இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. “டைட்டா புடிச்சிக்கினு இருக்குதும்மா, முனையை ராவிட வேண்டியதுதான்” என்று அரத்தை எடுத்துவிட்டார். ராவினது திரும்ப வளருமா, வேறு ரிங்குக்கு எங்கே போவது? சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தால் மஞ்சளாகக் கோடு கோடாகத் தெரிகிறது. “இன்னாப்பா, சந்தனத்தைத் தொடைக்கலியா” என்று கேட்டேன். “சாமி காலுல வச்சது, தொடைக்கக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாங்க, நான் எப்படிம்மா கை வைக்கிறது” என்று தலையைச் சொறிகிறார். உன் அப்பாவும் அது முருகன் பொட்டு, இருக்கட்டும் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில், “முருகன் இன்னா ரிங்கு மேலயா குந்திக்கினு இருக்காரு, அங்க செடி காயுது, குடுங்க இப்படி” என்று பிடுங்கிக் கிரசினில் போட்டுத் தேய்த்துவிட்டேன். சந்தனம் ஓடு மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது, அந்த மேடுதான் ரிங்கை நெருக்கியிருக்கிறது. மறுபடி இறக்கினார், தகடு லேசான பிடிமானத்தோடு போய்வந்தது. மற்றதையும் கழுவி அளந்தோம், ஒன்றுக்கும் அரம் தேவைப்படவில்லை. கண்ணையன் சிரித்த சிரிப்பில் உன் அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

எல்லாம் பூட்டி முடித்ததும் உன் அப்பா இன்ஜினுக்கு வெளியே பெரிதாக ஒரு பொட்டு வைத்தார், அதை நான் தடுக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றினதும் இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது பார், புகையே இல்லை, தண்ணீர் குழாய் வாயை அடைத்துக்கொண்டு விழுந்தது. உன் அப்பா வேட்டியோடு வாய்க்காலில் இறங்கி நின்று அழுதுவிட்டார். அதை எழுதாதே என்று சொல்லியிருக்கிறார், நான் எழுதிவிட்டேன். பேச்சும் அப்போதே வந்துவிட்டது.

ரயிலில் கதவோரம் தொங்கிக்கொண்டு போகாதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, அந்தப் பெரிய அறை வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. மல்லாட்டை பிடுங்கியதும் உங்களைப் பார்க்க வருகிறோம், எங்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு.

இப்படிக்கு,
உன் அம்மா
லட்சுமியம்மாள்