தல்சு தன் அப்பாவைத் தோண்டினான்

கப்சுனின் அப்பாவுக்கு, வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். ஹவாய்க் கரும்புத் தோட்டத்தில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன குளிரில் ஊறுகாய்ச் சாடி ஒன்று வெடித்துவிட்டது. கப்சுன் முன்பல் விழுந்து கிழவி மாதிரி சிரிக்கிறாள்.

இனி சொல்வதை உட்கார்ந்து படியுங்கள்.

மாட்டுத் தரகு தல்சு வேதக்கோயிலில் சேர்ந்துவிட்டான். பல் போன மாட்டை இளங்காளை என்று நம் தலையில் கட்டினானே, அதே தல்சுதான்! பியோங்யாங்கில் நடந்த பெரிய ஜெபக்கூட்டத்தில் தரையில் புரண்டு அழுதானாம். வேஷம் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் ஒருநாள் நம் வாசலில் வந்து பனியில் மண்டியிட்டான். உங்கள் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, "உங்க குடும்பச் சமாதி மலையில எங்கப்பனைப் புதைச்சவன் நான்தாங்க. அந்த இடத்துல வச்சா பிள்ளைங்க தழைக்கும்னு இடம் பாக்குறவன் சொன்னான். திருட்டுத்தனமா புதைச்சு, மேல புல்லை ஒட்டிட்டேன்" என்றான்.

அறுவடைத் திருநாளுக்குப் புல் வெட்டப் போனபோது, உங்கள் அப்பா சமாதிக்கு மேல்சரிவில் யாரையோ புதைத்த மாதிரி மண் உள்வாங்கியிருந்ததை நீங்கள்தானே பார்த்தீர்கள்? குடிப்பதற்காக அண்ணன் அந்தச் சமாதி இடத்தை யாருக்கோ விற்றுவிட்டார் என்று, கிணற்றடியில் ஊரே பார்க்க அவர் குடுமியைப் பிடித்து இழுத்தீர்கள். "நான் விக்கலடா" என்று ஒரே தடவைதான் சொன்னார். நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள். தொப்பிதான் மானம் என்று, அது இல்லாமல் வாசல் தாண்டாத மனிதர், அன்றோடு தொப்பி போடுவதையே விட்டார். அப்பா திதிக்கும் மலை ஏறவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

எலும்பை எடுத்துவிடுகிறேன் என்றான் தல்சு. அவன் பெண்டாட்டி, "எம்புள்ளைங்க குடி கெடணுமாய்யா? இதான் உன் சாமி சொன்ன புத்தியா?" என்று மாரடித்துக்கொண்டு வந்தாள். அண்ணனும், "எலும்பு என்ன பாவம் பண்ணுச்சு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவன் கேட்கவில்லை. "நீங்க மன்னிச்சாலும் இடம் உங்களுதுங்க" என்று, பனி உருகி மண் இளகியதும் கூலியாள் வைக்காமல் தானே தோண்டினான். "அப்பா, அப்பா" என்று அவன் அழுதது வயல்வரை கேட்டது. அண்ணன் எழுந்து மலைக்குப் போனார். தன் சாவுக்கென்று எடுத்துவைத்திருந்த சணல்துணியைக் கொடுத்து எலும்பைச் சுற்றச் சொன்னார். மலையிலிருந்து அதைக் கீழே இறக்கும்போது துணியின் ஒரு முனையை அவரும் பிடித்துக்கொண்டார். பிறகு தல்சு அதே கிணற்றடியில் நின்று, "அவரு விக்கல. நான்தான் திருடன்" என்று ஊருக்குச் சொன்னான்.

மறுநாள் அண்ணன் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். தலையில் வைக்காமல் மறுபடி ஆணியிலேயே மாட்டினார். "தம்பிக்கு எழுதிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

நான் வேதக்கோயிலுக்குப் போகிறவள் அல்ல, புருஷனுக்குப் புத்தி சொல்லவும் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதீர்கள். உறைமேல் அண்ணன் பெயரைப் போடுங்கள். கப்சுன் ஓடிப்போய் அவர் கையில் கொடுப்பாள்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தொப்பி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

இப்படிக்கு,
கப்சுனின் அம்மா