வெள்ளைக் கட்டங்கள்

ஜூலை 13, செவ்வாய். சித்தூர்.

நைனா பாடிய கீர்த்தனை இனிக் கிடைக்காது. அவர் இறப்பதற்கு முந்தைய கிறிஸ்துமஸில் மைக் வைத்துத் தம்பி கம்ப்யூட்டரில் பதிவு செய்தது. அப்பாவின் குரலென்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கை தவறி அழித்துவிட்டேன். பெங்களூரிலிருந்து தம்பி போனில் சொன்னான்: “அழாதக்கா. சனிக்கிழம வந்து எடுத்துத் தரேன். அதுவரிக்கும் புதுசா எதையும் அதுல ஏத்தாத.”

நான் எதையும் ஏற்றவில்லை. வருகிறவனுக்காக இன்று வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். அதே கையோடு கம்ப்யூட்டரையும் ஒழுங்குபடுத்தலாமென்று, ஃபைல்களை நகர்த்திச் சேர்த்து அடுக்கும் டிஃப்ராக் போட்டேன். திரையில் சிதறிக் கிடக்கும் ஃபைல்கள் சிவப்பு, சேர்ந்தவை நீலம், காலி இடம் வெள்ளை. சிவப்பு குறையக் குறைய மனசு லேசானது. நீலம் நகர்ந்து நகர்ந்து வெள்ளைக்குள் நிரம்புவதைக் காபி குடித்துக்கொண்டே பார்த்தேன்.

சாயங்காலம் தம்பிக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

“வெள்ளன்னா ஒண்ணுமில்லன்னு நெனச்சிக்கினியாக்கா? அழிச்சாலும் நைனா பாட்டு அங்கதான இருந்திச்சி. இப்ப அதும்மேல வேற ஃபைல் வந்து குந்திக்கிச்சே.”

சனிக்கிழமை அவன் வரப்போவதில்லை.

திரையில் ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லை. அவ்வளவு சுத்தம்.