திலகாவின் இதயம் மூன்று மெகாபைட்டில் அடங்காது

அனுப்புநர்:
நிவேந்திரன் த/பெ ராமையா,
செலண்டார், மலாக்கா.

பெறுநர்:
திரு. காந்தன் அவர்கள்,
நோயாளிகள் புகார் அதிகாரி,
தனியார் இருதயப் பரிசோதனை மையம், மலாக்கா.

பொருள்: என் தாயார் திலகாவின் இதய ஸ்கேன் படங்களை, அவை அழிக்கப்படுவதற்கு முன், அசல் கோப்பாகத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லை, நான் டாக்டர் இல்லை. நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில். பாலிடெக்னிக்கில் இரண்டாம் செமஸ்டரோடு நின்றவன். அதையும் கேட்டீர்கள். ஜாசினில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஒரு வீடியோ எங்கே, எப்படிக் கெட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மையத்தில் அது தெரிந்தவர் யாரும் இல்லாததால்தான் இந்த மனு.

1. பிப்ரவரி 10ஆம் தேதி உங்கள் மையத்தில் அம்மாவுக்கு எக்கோ எடுத்தார்கள். ஒரு வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னால் கசிகிறது என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா பள்ளிக் கேண்டீனில் சமைப்பவர். அரிசி மூட்டையைத் தனியாக இழுத்து வைத்தவருக்கு இப்போது தேநீர்க் கேத்தலைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது.

2. கோலாலம்பூரில் ஆபரேஷன் செய்யவிருக்கும் நிபுணர் படங்களைக் கேட்டார். உங்கள் கவுண்டரில் இருக்கும் உஷாராணி அக்கா, மெஷின் திரையைத் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். நாற்பத்தேழு வினாடி, மூன்று மெகாபைட். திரைக் கண்ணாடியில் உங்கள் கூரை விசிறி விழுந்திருக்கிறது. அதன் மூன்று இறக்கைகளையும் எண்ணலாம். வால்வைத்தான் காணோம்.

3. நிபுணர் அதைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கசிவைச் சிவப்பு, நீலமாகக் காட்டும் இடத்தில் நிறங்கள் குழைந்துபோய்க் கிடக்கின்றன. படத்தின் ஓரத்தில் இருக்க வேண்டிய அளவுகோல் வெட்டுப்பட்டுவிட்டது. கசிவு எவ்வளவு என்று அளக்க வழியில்லை. அளக்காமல் வால்வைத் தைத்துச் சரிசெய்வதா, மாற்றுவதா என்று அவரால் முடிவெடுக்க முடியாது. அங்கேயே மறுபடி எக்கோ எடுக்கலாம், வரிசை நான்கு மாதம். அசல் கோப்பைக் கொண்டு வந்தால் இந்த வாரமே பார்க்கிறேன் என்றார்.

4. படத்தைச் சுருக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மருத்துவப் படங்களுக்கு டைகாம் என்று உலகம் முழுவதற்கும் ஒரு தரம் இருக்கிறது. அதிலும் சுருக்குவார்கள். ஆனால் சுருக்கியதைக் கோப்பே சொல்லும். யாருடைய இதயம், எந்தத் தேதி, இதயத்தின் ஒரு சென்டிமீட்டர் திரையில் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் படத்தோடு சேர்ந்தே போகும். உங்கள் மெஷினும் அந்தத் தரத்தில்தான் சேமிக்கிறது. உங்கள் வாசல் பலகையிலேயே அப்படி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பலகையைப் படித்துப் பார்க்க ஊழியர்களுக்கு ஒரு நாள் விடுமுறை தரலாம்.

5. இதை உஷாராணி அக்காவிடம் சொன்னேன். "ஃபோன்ல நல்லாத்தான் தெரியுது லா தம்பி. துடிக்குது பாரு, இதயம்தானே அது? அப்புறம் என்ன?" என்றார். போன வருடம் அவர் மகளின் கல்யாண வீடியோவை எடிட் செய்தவன் நான். மாதிரிக்கு ஒரு துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "தாலி கட்டுற நேரத்துல சேலை ஜரிகை எல்லாம் கஞ்சி மாதிரி இருக்கு. என்னை முட்டாள்னு நெனச்சியா? ஒரிஜினலை பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வா." கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கேட்டது நியாயம். எங்கள் பக்கத்தில் தாலி கட்டும் காட்சியை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளும் குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது. ஜரிகைக்கு அசல் வேண்டும், வால்வுக்கு வேண்டாம் என்பதுதான் உங்கள் மையத்தின் கொள்கையா? எழுத்தில் தெரிவிக்கவும்.

6. முப்பது நாளானால் மெஷின் பழைய கோப்புகளைத் தானாக அழித்துவிடும் என்று நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள், மாலையில் மழை வரும் என்பதுபோல. முப்பதாவது நாள் நாளை. "கோப்பு கொடுக்க மேனேஜ்மெண்ட் கையெழுத்து வேணும் தம்பி, ரெண்டு வாரம் ஆகும்" என்றதும் நீங்கள்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். என் அம்மாவால் இப்போது ஒரே மூச்சில் அவ்வளவு பேச முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான். அம்மாவின் எக்கோ கோப்பு முழுவதையும், மேலும் சுருக்காமல், வெட்டாமல், இன்றே தாருங்கள். கையெழுத்துக்குக் காத்திருந்தே ஆக வேண்டும் என்றால் அழிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அதை மெஷினில் எங்கே மாற்றுவது என்று தெரியவில்லையா, எனக்கும் தெரியாது, உங்களுக்கு மெஷின் விற்றவருக்குத் தெரியும். அவர் எண் மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. அம்மா மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தபோது, துணைக்கு நின்ற எனக்குப் படிக்க வேறொன்றும் இல்லை.

இந்த மனுவைத் தபாலில் போடப் போவதில்லை. நேரில் உங்கள் கையில் தருவேன், காலிப் பென்டிரைவ் ஒன்றையும் சேர்த்து. கோப்பு அதில் ஏறும்வரை கவுண்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன், அந்த விசிறிக்குக் கீழே. நீங்கள் ஐந்து மணிக்கு மூடுவீர்கள், இப்போது மூன்று பத்து, இன்னும் இரண்டு விஷயம் எழுத இருந்தது, பஸ் வந்துவிட்டது. நான் போகணும்.

இடம்: செலண்டார் பஸ் நிறுத்தம்
தேதி: 11 மார்ச் 2025

நிவேந்திரன்
(திலகாவின் மகன்)