என் பெயரில் நீங்கள் எழுதிய வரி

சார்,

இன்று காலை லிப்டில் யாரோ கிராம்பு மென்றுகொண்டு நின்றார்கள். கதவு மூடியதும் அப்படியே உங்கள் அறை வாசனை; நீங்களும் எப்போதும் கிராம்பு மெல்லுவீர்கள். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் முதல் மாடியிலேயே இறங்கி, மீதியைப் படியேறிப் போனேன். உங்கள் இரங்கல் கூட்டத்துக்கும் நான் வரவில்லை. எல்லோரும் உங்களைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடிந்திருக்காது.

செம்பூர் ஆபீஸில் உங்கள் கீழ் ஆறு வருடம் இருந்தேன். மருந்துப் பெட்டிகள் எந்த ஊருக்குப் போகின்றன என்று காகிதம் தயாரிக்கும் வேலை. நான் படித்ததோ வேதியியல். தாராவியில் ஒற்றை அறை வீட்டில், அப்பாவின் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் படித்தது. தாணே தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் வேண்டும், உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தேன், நேர்முகத்தில் தேறினேன். பாக்கி இருந்தது உங்கள் கையெழுத்து மட்டும்.

"பாக்கலாம்மா," என்றீர்கள். இரண்டு மாதம் அதையே சொன்னீர்கள். நானும் நம்பினேன். உங்கள் மகள் கல்யாணத்தில் முதல் நாளே வந்து வேலை செய்தவள் இல்லையா.

ஒருநாள் தாணே கூடத்தின் தலைவி போன் செய்தார். வர விருப்பமில்லை என்றால் முன்பே சொல்லியிருக்கலாமே என்று இந்தியில் கடிந்துகொண்டார். குடும்பச் சூழ்நிலையால் நான் வர விரும்பவில்லை என்று என் பெயரில் நீங்களே எழுதி அனுப்பியிருந்தீர்கள். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்தாயிற்று.

நேராக உங்கள் அறைக்கு வந்தேன்.

"நான் வரலன்னு எப்பம் சார் சொன்னேன்?"

நீங்கள் தலை நிமிரவில்லை. "தாராவிலேர்ந்து தாணேக்கு தினம் டிரெயின்ல தொங்கிண்டு போவியா? உன் நல்லதுக்குத்தான் பண்ணேன். நீ போயிட்டா இந்த சீட்டை யார் பாத்துப்பா?"

இரண்டு காரணத்தையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். எது நிஜம் என்று நம் இருவருக்குமே தெரியும்.

"என் நல்லத நான் பாத்துக்கிடுவேன் சார்," என்றேன்.

பணியாளர் பிரிவு அதிகாரி ஒளிக்காமல் பேசினார். இடமாற்றத்தைக் கேட்டு வாங்கச் சட்டம் பொதுவாக உதவாது, அது கம்பெனியின் முடிவு என்றார். ஆனால் ஒரு பிரிவுத் தலைவர் தடுத்தால் காரணத்தை எழுதித் தரவேண்டும் என்பது நம் கம்பெனி விதி. பணியாளர் பெயரில் பொய் எழுத எவருக்கும் அதிகாரமில்லை. புகார் கொடுத்தேன்.

அந்த வருட மதிப்பீட்டில் 'ஒத்துழைப்பு போதாது' என்று எழுதினீர்கள். அதற்கு முன் எல்லா வருடமும் 'மிக நன்று' வாங்கியவளுக்கு. கூடச் சாப்பிட்டவர்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். விசாரணையில் உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. என் மதிப்பீட்டைத் திருத்தினார்கள். தாணே இடம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த காலியிடம் வரும்வரை ஒன்றரை வருடம் உங்கள் அறைக்கு எதிரே உட்கார்ந்து, தினமும் வணக்கம் சொன்னேன்.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு மாடுங்கா ஸ்டேஷனில் ஒருமுறை பார்த்தோம். "தாணேல சௌக்கியமா இருக்கியோன்னோ? அன்னிக்கி நான் தடுக்கலேன்னா இவ்ளோ நிதானம் வந்திருக்குமா உனக்கு?" என்று சிரித்தீர்கள். என் நிதானத்திலும் பங்கு கேட்டீர்கள். ரயில் வந்தது, ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு உங்களைப் பார்க்கவில்லை.

இப்போது கூடத்தில் நான்கு பேர் என் கீழ் வேலை செய்கிறார்கள். அவர்களில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, போன மாதம் புனே கிளைக்கு மாற்றல் கேட்டுப் படிவத்தை நீட்டினாள். அவள் போனால் என் பாதி வேலை நின்றுவிடும். படிவத்தை மூன்று நாள் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவைத்தேன். ஆமாம், நான்தான். நான்காம் நாள் கையெழுத்திட்டுக் கொடுத்தபோது, "ஏன் மேடம் லேட்டாச்சு?" என்றாள்.

"நீ போனா எனக்குக் கஷ்டம். அதான் வச்சிருந்தேன். தப்பு என்மேலதான்."

அவள் சரி என்று தலையசைத்துவிட்டுப் போனாள். அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை சார். உங்களுக்கு ஒன்றரை வருடம் இருந்தது.