முகவரியைச் சரிபார்க்கவும்

ஹாரோ, இலோய்லோ
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை ரோவேனாவுக்கு, மெழுகுதிரி மாதா உன்னையும் குழந்தையையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அக்கா புரிசிமா எழுதுவது.

ஞாயிறு பூசை முடிந்து நம் வீட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான் இசிட்ரோ, பக்கத்து வீட்டு சாலிங், அழைக்காமல் வந்த உன் புருஷன் நெஸ்டர். வேறு யாரும் இல்லை. அங்கே வந்த ஒரு பேச்சு யார் வாயிலிருந்து வந்தது என்பதில் உனக்குச் சந்தேகம் வரக் கூடாது, அதனால்தான் சொல்கிறேன்.

நெஸ்டர் ஒரு பெட்டி பியாயா இனிப்பு ரொட்டி கொண்டுவந்தான். சாப்பாட்டு ஜெபத்தை என்னைவிடச் சத்தமாகச் சொன்னான். அத்தான், "என்ன சகலை, பொண்டாட்டி போனப்புறம்தான் சாமி கண்ணுக்குத் தெரியுறாரா?" என்று கேலி செய்தார். சாலிங், "அவ கையை ஒடிச்சப்போ இந்த பக்தியெல்லாம் எங்க போச்சாம்?" என்று என் காதில் முணுமுணுத்தாள். அவன் இரண்டுக்கும் சிரித்தான்.

"அவ எங்க இருக்கான்னு கேக்க வரலக்கா. உங்களுக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். உண்மைதான். கன்னியர் மடத்து சிஸ்டர் பெனிட்டா கையில் கடிதம் கொடுப்பதோடு சரி, உன்னிடம் கொண்டுவருவது அவர்தானே. பிறகு நெஸ்டர் மீனைப் பிய்த்துக்கொண்டே, "பாவம், கம்பெனிக்கு வீட்டு முகவரி எழுதி அனுப்பலைன்னா அவ கடையை மூடிடுவாங்களாமே. சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க" என்றான்.

பிள்ளைகளுக்கு முதல் நற்கருணை உடுப்பு தைத்து விற்கும் உன் இணையக் கடையின் பெயரைப் பதிந்து கொடுத்த கம்பெனி, உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் உறுதி செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் அடுப்பில் போட்டேன். அத்தானிடம்கூட மூச்சு விடவில்லை. வீட்டுச் செலவில் ஒரு பெசோ குறைந்தால் தேடுவதுபோல் மனதுக்குள் தேடிப் பார்த்துவிட்டேன். உன்னையும் என்னையும் தவிர அது தெரிந்த ஆள் இல்லை. பிறகு இவனுக்கு எப்படித் தெரியும்?

கோயில் பங்கு அலுவலகத்தில் வேலை செய்யும் ஆர்லீனிடம், உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். கம்பெனிக்காரர்கள் அப்படிக் கேட்பது வழக்கம்தானாம். "பொய் விவரம் குடுத்திருக்காங்க" என்று யாராவது புகார் செய்தாலும் கேட்பார்களாம். "ஆனா ஆன்ட்டி, கம்பெனி மாதிரியே வேற எவனாவதுகூட அனுப்பலாம்" என்றாள். உன் கடையின் இணையப் பக்கத்தில் உன் மின்னஞ்சல் ஊருக்கே தெரிகிறது. புகாரோ, போலி மின்னஞ்சலோ, எதுவானாலும் பின்னால் நிற்பது இவன்தான் என்று என் மனசு சொல்கிறது.

போன வருஷம் புயலுக்குப் பிறகு எவனோ நம் சிற்றாலயத்தின் பெயரில் இணையப் பக்கம் திறந்து காணிக்கை சுருட்டினானே, நினைவிருக்கிறதா? அது யார் என்று அந்தப் பெயரைப் பதிந்து கொடுத்த கம்பெனியிடம் கேட்டோம். தனிப்பட்ட விவரம், தர முடியாது என்றார்கள். "யோக்கியனுக்கு எதுக்குத் திரை?" என்று நான் கத்தினேன். அன்று கேட்டது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. ஏமாந்தவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் நெஸ்டரும் நாளைக்கு ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு, நானும் ஏமாந்தவன்தான் என்று போய் நிற்பான். அவனுக்கும் கொடுத்துவிட்டால்? மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உன்னை எனக்குத் தெரியும். காகிதத்தில் ஒரு பொய் எழுத உனக்குக் கை வராது. கேட்டவுடன் கதவு எண் வரை உள்ளபடியே எழுதியிருப்பாயோ என்றுதான் பயம். எழுதியிருந்தால் தையல் மிஷினையும் துணிகளையும் விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிஸ்டருடனேயே கிளம்பிவிடு. எழுதவில்லை என்றால் எதையும் நிரப்பாதே. கடை போனால் போகட்டும்.

நேற்றிலிருந்து நெஸ்டரின் மோட்டார் சைக்கிள் அவன் வீட்டு வாசலில் இல்லை என்று சாலிங் சொல்கிறாள்.

ஆண்டவர் உன் வாசலில் காவல் நிற்கட்டும். இதைப் படித்த கையோடு சிஸ்டரின் போனிலிருந்து இங்குள்ள கன்னியர் மடத்துக்குப் பேசு. அனுப்பினாயா, இல்லையா, அது மட்டும் போதும். சீக்கிரம் பதில் சொல்.

உன் அக்கா,
புரிசிமா