சூடேறாத பெட்டியும் நைனாவின் கண்ணும்

செஞ்சி,
19-2-1966

சிரஞ்சீவி விநாயகத்துக்கு உன் அம்மா பவுனம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் தங்கை சின்னப்பொண்ணு, நம் கோழி மூவரும் சுகம். உன் நைனாவும் இரண்டு கண் நீங்கலாக மற்றபடி சுகம். அவ்விடம் உன் சுகத்தையும், மெஸ்ஸில் சோறு போடுகிறானா இல்லை சப்பாத்தியையே போட்டுக் கொல்கிறானா என்பதையும் எழுதவும். கண் என்றதும் பதறாதே ராசா, ஆபத்து ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பார்த்துவிட்டார், நாளை மறுநாள் கட்டைப் பிரித்துவிடலாமாம். எப்போதும் நைனாதானே எழுதுவார், உறைமேல் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் நைனாவுக்கு என்னவோ ஏதோ என்று நினைத்திருப்பாய், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், சிரிப்பு வந்தால் உன் மேனேஜர் எதிரில் மட்டும் சிரித்துவிடாதே.

நீ பம்பாயிலிருந்து அனுப்பிய கரண்ட் பெட்டி ரயிலில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து பஸ் கூரைமேல் ஏறி, ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. கூடவே உன் கடிதமும் வந்தது. நீயே கம்பி சுற்றிச் செய்த பெட்டி, நம் சோடா கம்பெனி ஊதா விளக்குக்கு மாட்டி ஓட்டிப் பார்த்து, நைனா ஒரு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு மாசக் கடைசிக்குள் அனுப்பினால் உன் வேலை நிரந்தரம் ஆகும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை நிரந்தரம் என்ற சேதி வந்தால்தான் தொண்டூர்ப் பெண் வீட்டார் தட்டு மாற்றுவார்கள், அது உனக்கும் தெரியும். நான் அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். ஆனால் பிள்ளையாராலும் நீக்க முடியாத தடையாக வீட்டிலேயே ஒருத்தர் உட்கார்ந்திருப்பார் என்று நான் கண்டேனா?

பழைய பெட்டி எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டாம். நம் சோடாவில் தலைப்பிரட்டை மிதக்கிறது என்று எதிர்க்கடைக்காரன் கதை கட்டிவிட்ட கோபத்தில், பாண்டிச்சேரியில் மூடிய ஐஸ் கம்பெனியில் போய், தண்ணீரில் கிருமியைக் கொல்லும் ஊதா விளக்கையும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் அந்தப் பூதத்தையும் நைனா பிடித்துக்கொண்டு வந்தார். சுவிட்சைப் போட்டதும் ஊய் என்று ஊளையிடும், தோசைக்கல்லாகச் சுடும். அது ஓடுகிற நேரம் தெருவிளக்கு மினுக்கும், பஞ்சாயத்து ரேடியோ இருமும், பக்கத்து மாவு மில் ஜான் பாஷா மாவுக் கையோடு ஓடிவந்து, அண்ணே, உன் ஊதா வெளக்கு என் மில்லு கரண்ட்ட உறிஞ்சிக் குடிச்சிடுதே, நான் கையால அரைக்கவா என்று கத்துவார். நமக்கு மட்டும் அதில் ஒரு லாபம் இருந்தது. அதன் முதுகில் இட்லி மாவை வைத்தால் மார்கழியிலும் பொங்கி வழியும். கோழி முட்டையிட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடும், பெட்டியே அடைகாத்துக் குஞ்சு பொரித்துக் கொடுக்கும்.

உன் பெட்டியை எலெக்ட்ரிஷியன் பாவாடை வந்து மாட்டினான். சுவிட்சைப் போட்டான். சத்தம் இல்லை. தொட்டுப் பார்த்தால் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. தெருவிளக்கு ஜோராக எரிந்தது, ரேடியோ பாடியது, ஜான் பாஷா மில் ஜம்மென்று ஓடியது. நைனா பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டார், கையை வைத்துப் பார்த்தார், இடுப்பில் கை வைத்து நின்று, செத்துப்போச்சு என்றார். சூடாகப் போகிற கரண்ட் வீண் கரண்ட், இந்தப் பெட்டி வீணாக்காது, அதனால்தான் சுடாது என்று நீ எழுதியிருந்ததைப் பாவாடை இரண்டு தடவை படித்துக் காட்டினான். இவரா கேட்பார்? சோறு தின்னாத மாடு எங்கனா ஏர் இழுக்குமாடா, சத்தம் போடாத மிஷின் இன்னா மிஷின் என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கோலியை உள்ளே தள்ளும்போது டப்பென்று கேட்டால்தான் நல்ல சோடா, சத்தம் வராவிட்டால் காஸ் போன சோடா, வாழ்நாள் எல்லாம் காதால் தொழில் பார்த்த மனுஷர். கோழியும் அவர் கட்சிதான், புதுப் பெட்டிமேல் ஏறி ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டு இறங்கியது.

அதோடு விட்டாரா? பாவம் புள்ள, பம்பாய்க்காரன் எவனோ மட்டக் கம்பியக் குடுத்து ஏமாத்திட்டான், பெட்டி செத்துப்போச்சுன்னு நாளைக்கே தந்தி அடிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அந்தத் தந்தி உன் மேனேஜர் கைக்குப் போனால் வேலையும் போச்சு, தொண்டூர்ப் பெண்ணும் போச்சு. விளக்கு இருக்கிற தண்ணீர்க் குழாயில் வெளியிலிருந்து பார்க்கிற கண்ணாடியோ கரி பிடித்துக் கிடக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா ஒன்றும் தெரியவில்லை. நான் வாசலை மறித்துக்கொண்டு, இன்னாங்க, மூஞ்சப் பாக்காமலே செத்துட்டான்னு தாரை ஊதுவாங்களா, இது நாயமா என்று கேட்டேன். அந்த வாயை நான் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அவர் குழாயின் மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். எரிகிற ஊதா விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது என்று நீ சிவப்பு மையில் எழுதியிருந்தாய் அல்லவா, அதை வேலையாட்களுக்கு வாய் ஓயாமல் படித்துக் காட்டியவரே இவர்தான். சின்னப்பொண்ணு ஓடிப்போய்த் தடுத்ததற்கு, எரியற வெளக்கத்தான பாக்கக் கூடாது, இது செத்த வெளக்கு என்றாராம். உள்ளே ஏதோ நீலமாக மங்கலாகத் தெரிந்திருக்கிறது. தே பாரு, குத்துயிரும் குலையுயிருமா மினுக்குது, இதுல ஒரு கொசு கூட சாவாது என்று சொல்லிக்கொண்டே, ராஜகிரிக் கோட்டை உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கிறவன் மாதிரி ஆற அமர நின்று பார்த்திருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் ஒரே அலறல். யாரோ கண்ணுல மணல வாரிக் கொட்டிட்டாங்கடி பவுனு என்று துள்ளுகிறார். கண் இரண்டும் கோவைப்பழம், மூக்கு நுனி தோல் உரிந்து பழுத்த மிளகாய். ஜான் பாஷாதான் மில்லை நிறுத்திவிட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், அந்த மனுஷர் நல்லாயிருக்க வேண்டும். கம்பவுண்டர் பார்த்துவிட்டு, வெல்டிங் வெளிச்சத்த மொறச்சிப் பாத்தீங்களா என்றார். நான்தான் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மருந்துச்சீசா கையிலிருந்து நழுவப் பார்த்தது. செத்த வெளக்கா இந்த அடி அடிக்குது, உசுரோட இருந்தா இன்னா ஆயிருப்பீங்க என்று கேட்டுக்கொண்டே கட்டுப் போட்டுவிட்டார்.

வண்டியில் திரும்பி வரும்போது நைனா கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, வலிக்குதா என்றேன். அதற்கு அவர், பவுனு, பழைய பெட்டி ஓடறப்ப இதே மாதிரி நாலஞ்சு தடவ எட்டிப் பாத்திருக்கேன், கண்ணு இப்படி ஆவலையே, அப்ப நம்ம புள்ள பெட்டி அத விடத் தெம்பு போலக்குதே என்றார். கட்டுக்குக் கீழே தண்ணீர் வழிந்தது, மருந்துத் தண்ணீர் என்று சாதித்தார், நானும் சரி என்றேன்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை போ. எதிர்வீட்டு விருத்தாம்பாள் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நந்தியாவட்டைப் பூவைக் கட்டுக்குள் வைத்துவிட்டுப் போனாள். பூ வைத்த கண்ணோடு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கோட்டை ஏறி இறங்கி நாக்கு வறண்டு சோடா குடிக்க வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, எம்புள்ள பம்பாய்ல செஞ்ச பெட்டிங்க, சத்தம் இல்ல, சூடு இல்ல, என் கண்ணையே அவிச்சிடுச்சி, கிருமி எந்த மூலைக்கு என்று மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். எதிர்க்கடைக்காரனே வந்து பார்த்துவிட்டுப் போனான். ஜான் பாஷா தன் மில் மோட்டாருக்கும் இப்படி ஒரு பெட்டி வேண்டுமாம், உன்னைக் கேட்கச் சொன்னார்.

ரிப்போர்ட்டை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். மேற்படி பெட்டி சுடவில்லை, சத்தம் போடவில்லை, அக்கம்பக்கத்துக் கரண்ட்டைக் குடிக்கவில்லை, ஆனாலும் வேலை செய்கிறது, இதை நான் கண்ணால் கண்டேன், இப்படிக்கு செ. கன்னியப்பன், சோடா கம்பெனி, செஞ்சி. இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக மேனேஜரிடம் கொடு. நிரந்தரம் ஆனதும் தந்தி அடி, நான் தொண்டூருக்கு ஆள் அனுப்ப வேண்டும். வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளி. நீ சுற்றுகிற கம்பி மாதிரியே உன் ஆயுசும் நீளமாக இருக்க வேண்டும், எல்லாச் சாமியும் உன் கூட இருக்கட்டும். முக்கியமாக, கோழிக்கு ஒரு வழி சொல்லு, அது அடைகாப்பதையே மறந்துவிட்டது, முட்டையைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
க. பவுனம்மாள்

பின்குறிப்பு: ரிப்போர்ட்டில் நைனாவின் கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி மூலைக்குப் போயிருக்கும். நாளை மறுநாள் கட்டுப் பிரித்ததும் நேராகப் போடலாமே என்றேன், அதுவரைக்கும் புள்ள காத்துக்கினு கெடக்கணுமா என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். உன் மேனேஜர் கேட்டால், எங்க நைனா நல்லாப் பார்த்த பிறகு போட்ட கையெழுத்து, அதனால்தான் கோணல் என்று சொல்லு.