தபசுகாலத்து மக்ரோனி

ஓசூர்
4-3-1968

பிரியமுள்ள செல்விக்கு,

நான் நலம். நான் ஓட்டும் மிஷன் ஆஸ்பத்திரி ஜீப்தான் இருமிக்கொண்டிருக்கிறது. இந்தத் தபசுகாலத்தில் எனக்கு மிகவும் பிரியமானது ஒன்றை விட்டுவிடச் சொன்னார் பங்குச் சாமியார். அதனால் ஏசு உயிர்த்த பாஸ்குத் திருநாள்வரை சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். கோபிக்காதே, உன்னைத்தானே விட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எங்கள் இத்தாலிக்காரச் சிஸ்டர் இந்த நாற்பது நாளும் கறி, முட்டை, பால், நெய் எதையும் தொடமாட்டார். அவருக்காகச் சமையற்காரி கிருபாராணி மக்ரோனி செய்கிறாள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். தக்காளி, கேரட், பீன்ஸ், பூண்டு எல்லாவற்றையும் கடலையெண்ணெயில் குழைய வதக்கி மேலே ஊற்ற வேண்டும். காரத்துக்கு மிளகு மட்டும்தான். எவ்வளவு தின்றாலும் வயிற்றில் பாரமே தெரியவில்லை.

அன்புடன்,
அருள்ஜோசப்

கிருஷ்ணகிரி
12-3-1968

மாமாவுக்கு,

எனக்கு நான்கு வரி, மக்ரோனிக்கு ஒரு பக்கம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்களா? தபசுகாலத்தில் கறியை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பீடியை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியை விட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன். அந்தக் கிருபாராணி புருஷனை இழந்தவள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கத் தெரியவில்லை.

பஸ் கண்டக்டர் நாராயணப்பன் அண்ணனிடம் சொல்லி பெங்களூரிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி நானும் செய்தேன். சேமியா மாதிரி வறுத்து, தண்ணீரை அளந்து ஊற்றியதில் களியாகிவிட்டது. அழுதுகொண்டே தின்றேன்.

செல்வி

ஓசூர்
16-3-1968

செல்விக்கு,

வீணாக மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. சமையற்கட்டுப் பக்கம் சாப்பாட்டுத் தட்டை வாங்கத்தான் போகிறேன். நேர்ந்ததை முறித்தால் பாவம்.

அருள்

கிருஷ்ணகிரி
23-3-1968

மாமாவுக்கு,

நேற்று ஓசூருக்கு வந்தேன். சமையற்கட்டு ஜன்னலோரம் நின்றேன். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட நகர்த்தாத நீங்கள் பூண்டு உரித்தீர்கள், மக்ரோனி வடித்தீர்கள். அவள் உட்கார்ந்திருந்தாள். கரண்டியை நீட்டி, “உப்பு பாரு கிருபா, சரியா இருக்குதா?” என்றீர்கள். “என்னையவிட நீங்க நல்லா செய்யறீங்க” என்றாள். அப்போது உங்கள் முகம் மலர்ந்ததே, அந்த முகத்தை நான் நம் வீட்டில் பார்த்ததில்லை.

வேறு தப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். எதைச் சொல்லிச் சண்டை போடுவது என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நீங்கள் விட்டது பிரியமானதைத்தான் என்றால் வருகிற சனிக்கிழமை வாருங்கள். இல்லாவிட்டால் பாஸ்குக்கும் வரவேண்டாம். அப்புறம் நான் அஞ்செட்டியில் என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில்தான் இருப்பேன்.

ஆரோக்கியசெல்வி

ஓசூர்
26-3-1968

செல்வி,

தட்டை வாங்கத்தான் போகிறேன் என்று எழுதியது பொய். நேர்ந்துகொண்டது பொய்யில்லை. முதல் சனிக்கிழமை உன் நினைவாகவே கிடந்தேன். இரண்டாம் சனிக்கிழமை நீ இல்லாதது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. நான் செய்ததை ஒருத்தி நன்றாக இருக்கிறது என்று சொன்னாள், அதைக் கேட்கவே திரும்பத் திரும்பப் போனேன். ஆறு வருஷமாக உனக்கு நான் சொல்லாத வார்த்தை அது.

எல்லாவற்றையும் நேற்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். “கஷ்டமே இல்லாதது என்னடா ஒறுத்தல்? வீட்டுக்குப் போ” என்றார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அஞ்செட்டிக்குப் போயிருந்தால் பூட்டின வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அருள்